சிக்கிள் செல் உள்ளவருக்கு ஜி6பிடி 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தால் நம்பலாமா?

#1 – கூடலூர்_சிஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வகத்தில் இருப்பவர்களும் ரத்தவியல் தெரிந்தவர்களும் கொஞ்சம் பாருங்கள்.

11 வயதுப் பையன், எடை 28 கிலோ. எச்பிஎல்சியில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) எஸ்எஸ், அதாவது சிக்கிள் செல் நோய் என்று முன்பே உறுதியானது. இப்போது வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் ஆரம்பித்தாயிற்று. ப்ரைமாகுயின் 14 நாள் தருவதற்கு முன் ஜி6பிடி பார்த்தார்கள் (சிவப்பணுவைக் காக்கும் இந்த நொதி குறைவாக இருந்தால் ப்ரைமாகுயின் ரத்தத்தை உடைக்கும்). ஸ்பாட் டெஸ்ட் (தாளில் சொட்டு வைத்து ஒளிர்கிறதா என்று பார்ப்பது), முடிவு 'நார்மல்'. ஹீமோகுளோபின் (எச்பி) 7.4, ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த இளம் சிவப்பணு) 14 சதவீதம். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

இந்த 'நார்மல்'-ஐ வைத்து மாத்திரையைத் தொடங்கலாமா?

#2 – செம்மணி (ரத்தவியல்)

வேண்டாம் சிஸ்டர். நீங்கள் எழுதிய விவரத்திலேயே அந்த ரிப்போர்ட்டை நம்பக் கூடாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது அந்த 14 சதவீதம். சிவப்பணுவுக்குள் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும்போது கையில் இருக்கும் ஜி6பிடி நொதிதான் கடைசிவரைக்கும். புதிதாகச் செய்துகொள்ள முடியாது. சாதாரண நொதியின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 62 நாள் ஆகும். ஆப்பிரிக்க ஏ-மைனஸ் என்ற குறைபாட்டு வகையில் அது 13 நாள்தான். ஆகவே குறைபாடு உள்ளவரிடம்கூட இளம் செல்லில் நொதி ஓரளவு இருக்கும், வயதான செல்லில்தான் தீர்ந்துபோயிருக்கும். சிக்கிள் நோயில் சிவப்பணு 120 நாள் வாழ்வதில்லை. 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுகிறது. உடலில் ஓடுவதெல்லாம் இளசு. அப்படிப்பட்ட ரத்தத்தில் ஒரு துளி எடுத்துப் பார்த்தால் குறைபாடு உள்ள பையனுக்கும் ஸ்பாட் பளிச்சென்று ஒளிரும்.

இரண்டாவது, ஏற்றிய ரத்தம். இதைப் பலர் 'ஒரு மாசம் ஆயிடுச்சே' என்று விட்டுவிடுகிறார்கள். பையனுடைய சொந்த செல் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. தானம் கொடுத்தவருடைய செல்லோ மாதக்கணக்கில் நிற்கிறது. ஆகவே ஐந்து வாரம் கழித்தும் கணிசமான பங்கு அந்நிய ரத்தமாகவே இருக்கும். எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இன்று ஒரு எச்பிஎல்சி போடச் சொல்லுங்கள். எஸ்எஸ் உள்ளவருக்குச் சொந்தமாக எச்பி ஏ (சாதாரண ஹீமோகுளோபின்) கிடையாது. அதில் எச்பி ஏ 30 சதவீதம் என்று வந்தால் அந்த 30-உம் தானம் கொடுத்தவருடையது. எஸ்-பீட்டா பிளஸ் தலசீமியாவாக (சிக்கிளும் தலசீமியாவும் சேர்ந்த ஒரு வகை) இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்குச் சொந்த எச்பி ஏ கொஞ்சம் உண்டு.

ப்ரைமாகுயினை நிறுத்தி வையுங்கள். குளோரோகுயின் மூன்று நாளில் கிலோவுக்கு மொத்தம் 25 மில்லிகிராம், அது ஜி6பிடி குறைபாட்டில் பாதுகாப்பானது. இப்போதைய காய்ச்சலை அதுவே அடக்கிவிடும். ப்ரைமாகுயின் கல்லீரலில் உறங்கும் கிருமிக்காக. அது காத்திருக்கலாம். இடையில் மறுபடி காய்ச்சல் வந்தாலும் குளோரோகுயின் கொடுத்துச் சமாளிக்கலாம். எச்பி 7.4-இல் இருக்கும் பிள்ளைக்கு மருந்தால் ரத்தம் உடைந்தால் இறங்குவதற்கு இடமே இல்லை.

#3 – ஊதாமூடிக்குழாய் (ஆய்வக நுட்பர்)

டாக்டர் சொன்னதோடு ஸ்பாட் டெஸ்ட் எங்கெங்கே ஏமாற்றும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். பெரும்பாலான மாவட்ட ஆய்வகங்களில் இதுதான் கைவசம்.

வினைப்பொருளில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட், என்ஏடிபி, செல்லை உடைக்க சப்போனின், டிரிஸ் பஃபர், ஆக்சிஜனேற்றம் பெற்ற குளூட்டாதயோன் இருக்கும். 100 மைக்ரோலிட்டர் வினைப்பொருளில் 10 மைக்ரோலிட்டர் ரத்தம். கலந்த உடனே ஒரு சொட்டு வாட்மேன் 1 தாளில். பிறகு 5, 10 நிமிடத்தில் ஒவ்வொரு சொட்டு. தாள் நன்றாகக் காய்ந்த பிறகு 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழே, இருட்டில் பார்க்க வேண்டும். ஜி6பிடி வேலை செய்து என்ஏடிபி என்ஏடிபிஎச்-ஆக மாறினால் நீலப்பச்சையாக ஒளிரும். ஒளிரவே இல்லையென்றால் குறைபாடு. அந்தக் குளூட்டாதயோன் எதற்கென்றால், கொஞ்சநஞ்சம் உண்டாகும் என்ஏடிபிஎச்-ஐ அது தின்றுவிடும். நொதி தாராளமாக இருந்தால்தான் ஒளி மிஞ்சும். வினைப்பொருள் பழசாகிக் குளூட்டாதயோன் கெட்டிருந்தால் குறைபாடு உள்ளவரும் 'நார்மல்' ஆகிவிடுவார். ஒவ்வொரு முறையும் தெரிந்த நார்மல் ஒன்று, தெரிந்த குறைபாடு ஒன்று, இரண்டையும் கூடவே ஓட்டாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

சிக்கிள் ரத்தத்தில் கூடுதலாக மூன்று சிக்கல். ரெட்டிகுலோசைட் பற்றி மேலே வந்துவிட்டது. வெள்ளையணுவிலும் ஜி6பிடி இருக்கிறது, சிக்கிள் நோயாளிக்கு வெள்ளையணு எப்போதும் தூக்கலாகவே இருக்கும்; காய்ச்சல் நேரத்தில் இன்னும் ஏறும். மைய விலக்கியில் சுற்றி பஃபி கோட் என்ற வெள்ளையணு அடுக்கை எடுத்துவிட்டுச் சிவப்பணுவை மட்டும் வைத்துச் செய்வது நல்லது. மூன்றாவது இதற்கு நேர் எதிர்: ஹீமோகுளோபின் 5, 6 என்று இருந்தால் அந்த 10 மைக்ரோலிட்டரில் செல்லே குறைவு, ஒளி மங்கி 'குறைபாடு' என்று தவறாக வரும். அதற்காகத்தான் ஹீமாடோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) சரிசெய்துகொண்டு போடச் சொல்வது. மங்கலாக ஒளிர்ந்ததை நார்மல் பக்கம் தள்ளாதீர்கள், 'இடைநிலை' என்று எழுதுங்கள்.

மாதிரி: இடிடிஏ குழாய் (ஊதா மூடி), 2 முதல் 8 டிகிரி. ஒரு வாரம் தாங்கும். வெயிலில் பைக் டிக்கியில் வைத்து இரண்டு மணி நேரம் கொண்டு வந்த குழாயில் நொதி செத்திருக்கும், உறைந்த குழாயில் செல் உடைந்திருக்கும். ஐஸ் பேக்குக்கும் குழாய்க்கும் நடுவில் துணியோ தெர்மாகோலோ இருக்கட்டும்.

#4 – பந்தலூர்_களம்

@ஊதாமூடிக்குழாய் சார், அளவு சொல்லும் டெஸ்ட் செய்தால் இந்தப் பிரச்சினை தீருமா? ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று தருகிறார்களே?

#5 – ஊதாமூடிக்குழாய்

ரத்த சோகையால் வரும் பிழை தீரும், ஏனென்றால் ஹீமோகுளோபினால் வகுத்துவிடுகிறோம். இளம் செல்லால் வரும் பிழை தீராது. 340 நானோமீட்டரில் என்ஏடிபிஎச் ஏறும் வேகத்தை அளக்கிறோம், அவ்வளவுதான். அந்த நொதி இளம் செல்லில் இருந்து வந்ததா, வயதான செல்லில் இருந்து வந்ததா என்று கருவிக்குத் தெரியாது.

பார்க்கும் முறையை மாற்றினால் பயன் உண்டு. ஹெக்சோகைனேஸ், பைருவேட் கைனேஸ் இரண்டும் இளம் செல்லில் அதிகமாக இருக்கும் நொதிகள். ரெட்டிகுலோசைட் 14 சதவீதம் உள்ளவருக்கு இவை நார்மல் எல்லைக்கு மேலே நிற்கும். ஜி6பிடியும் கூடவே ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நின்றால் அதுவே சந்தேகம். ஆகவே ஜி6பிடியை ஹெக்சோகைனேஸோடு விகிதம் போட்டுப் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் நொதி அளவுக்குப் பக்கத்திலேயே ரெட்டிகுலோசைட் சதவீதத்தையும் கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதியையும் அச்சடியுங்கள். இரண்டு வரிதான்; டாக்டர் தானே புரிந்துகொள்வார்.

பழைய புத்தகங்களில் நுண்குழாயில் சுற்றி அடியில் தங்கும் அடர்ந்த செல்லை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது, அடியில் இருப்பது வயதான செல் என்ற கணக்கில். சிக்கிளில் அது உதவாது. நிரந்தரமாக அரிவாள் வடிவில் இறுகிப்போன செல்களும் அடர்த்தியானவையே, அவை இளம் செல்லாக இருந்தாலும் அடிக்குப் போய்விடும்.

#6 – செம்மணி

ஹைட்ராக்சியூரியா (சிக்கிள் நோய்க்குத் தொடர்ந்து தரும் மருந்து) சாப்பிடுபவர்கள் விஷயமும் உண்டு. அது பிடிக்க ஆரம்பித்தால் ரெட்டிகுலோசைட் இறங்கும். முன்பு 'நார்மல்' என்று வந்தவருக்கு ஆறு மாதம் கழித்து அளவு குறைவாக வரலாம். மருந்து நொதியைக் கெடுத்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். மறைந்திருந்த குறைபாடு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஜி6பிடி குறைபாட்டில் ஹைட்ராக்சியூரியா கொடுக்கலாம்.

சந்தேகம் தீர ஒரே வழி மரபணுச் சோதனை. அதற்கு ரெட்டிகுலோசைட் தடை இல்லை. ரத்தம் ஏற்றியவருக்குக் கன்னத்தின் உள்பக்கம் துடைத்து எடுத்த மாதிரி போதும். ஆனால் எந்த வகையைத் தேடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கிட்டில் ஏ-மைனஸ் மட்டும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினால் நம் ஊருக்குப் பயனில்லை. இந்தியாவில் தேட வேண்டியவை ஒரிசா வகை (131 சி>ஜி), மெடிட்டரேனியன் (563 சி>டி), கேரளா-கல்யாண் (949 ஜி>ஏ). பழங்குடி மக்களிடம் ஒரிசா வகை பரவலாக இருக்கிறது. மெடிட்டரேனியன் கடுமையானது, அதில் இளம் செல்லிலேயே நொதி சீக்கிரம் அழிவதால் சிக்கிள் ரத்தத்தில்கூட ஸ்பாட் டெஸ்ட் பெரும்பாலும் பிடித்துவிடும். மறைந்துகொள்வது மிதமான வகைகள்தான்.

#7 – மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்)

மருந்து விஷயத்தில் இணையத்தில் சுற்றும் நீளப் பட்டியல்கள் பாதி பயமுறுத்துபவை. அதை நம்பி வலிக்குப் பாராசிட்டமால்கூடக் கொடுக்காமல் பிள்ளையைத் துடிக்க விடுகிறார்கள். சிக்கிள் நோயாளியின் கையில் உண்மையில் வந்து சேரக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை: ப்ரைமாகுயின் (தினசரி முறையில்), டாஃபெனோகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், ஃபினாசோபிரிடின், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம். டாஃபெனோகுயின் ஒரே வேளை மருந்து, உடலில் வாரக்கணக்கில் தங்கும். தப்பாகக் கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் நொதி அளவு 70 சதவீதத்துக்கு மேல் என்று அளந்து தெரிந்தால் மட்டும் தரச் சொல்கிறார்கள். நமக்கு மேலே சொன்ன காரணத்தால் சிக்கிளில் அந்த 70-உம் நிச்சயமில்லை.

நைட்ரோஃபியூரன்டாயினைத் தனியாகக் கவனியுங்கள். சிக்கிள் உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், இது கடையில் சுலபமாகக் கிடைக்கும். எரிச்சலுக்கென்று ஃபினாசோபிரிடினும் சேர்த்து எழுதுவார்கள். இரண்டும் ஒரே சீட்டில்! மாற்றாகச் செபலெக்சின் மாதிரி ஒன்று கேளுங்கள். தொழுநோய்க் கூட்டு மருந்தில் டாப்சோன் தினம் 100 மில்லிகிராம் இருக்கிறது. அதை நீக்கி மாற்று முறை தருவார்கள், அட்டையைத் தாமாகவே நிறுத்தக் கூடாது.

ஆண்குறி விறைப்பு வலியோடு இறங்காமல் நிற்பது சிக்கிளில் வரும் அவசர நிலை. அதற்கு மெத்திலீன் நீலத்தை ஊசியாகச் செலுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஜி6பிடி தெரியாத நோயாளிக்கு அது வேண்டாம் என்று சிறுநீரகவியல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபினைலெஃப்ரின் இருக்கிறது.

தைரியமாகத் தரலாம்: ஃபோலிக் அமிலம், பெனிசிலின் வி, அமாக்சிசிலின், பாராசிட்டமால், மார்ஃபின், ஹைட்ராக்சியூரியா, குளோரோகுயின். கோட்ரைமாக்சசோல் வழக்கமான அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் எச்பி ஏற்கெனவே தரையில் இருக்கும் சிக்கிள் பிள்ளைக்கு வேறு மருந்து இருக்கும்போது அதையே தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

#8 – பந்தலூர்_களம்

வீட்டுப் பொருட்கள் பற்றியும் சொல்லுங்கள். அவரைக்காய் சாப்பிடக் கூடாது என்று ஒரு பாடியில் (பழங்குடிக் குடியிருப்பு) அச்சடித்த தாள் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வீட்டுக் கொல்லையில் காய்ப்பதே அதுதான்.

#9 – மருந்துச்சீட்டு

அந்தத் தாள் தவறு. ரத்தத்தை உடைப்பது விசியா ஃபாபா என்ற செடியின் கொட்டை. வட இந்தியக் கடைகளில் பாக்லா என்பார்கள். அதில் வைசின், கான்வைசின் என்ற பொருட்கள் இருக்கின்றன. நம் கொடி அவரை லாப்லாப் என்ற வேறு இனம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதுவதால் வந்த வினை. அவரை, மொச்சை, துவரை, பயறு எல்லாம் சாப்பிடலாம். ஏற்கெனவே சத்துக் குறைவாக இருக்கும் பிள்ளைகளின் தட்டில் இருந்து பருப்பு வகையை எடுத்துவிடுவது பெரிய அநியாயம்.

எச்சரிக்கை வேண்டியது வேறு இரண்டுக்கு. ஒன்று அந்துருண்டை. நாஃப்தலீன் உருண்டை போட்ட பெட்டியில் இருந்து எடுத்த துணியைக் கைக்குழந்தைக்குச் சுற்றினாலே போதும், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். இன்னொன்று மருதாணி. பச்சிளம் குழந்தைக்கு உடம்பில் பரவலாகப் பூசியதால் கடுமையாக ரத்தம் உடைந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குறைபாடு தெரிந்த வீட்டில் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

#10 – கூடலூர்_சிஸ்டர்

நன்றி மேடம், நன்றி சார். ப்ரைமாகுயினை நிறுத்திவைக்கச் சொல்லியாயிற்று. இன்னொரு கேள்வி: யாராவது ஏற்கெனவே கொடுத்துவிட்டுப் பிள்ளை வந்தால், இது சிக்கிள் கிரைசிஸா (நோயால் வரும் திடீர் வலித் தாக்குதல்), மருந்தால் ரத்தம் உடைவதா என்று வார்டில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டிலும் மஞ்சள், வலி, சோர்வு.

#11 – செம்மணி

நல்ல கேள்வி. ஆறு விஷயங்களைப் பாருங்கள்.

நாள் கணக்கு: மருந்து தொடங்கி 24 முதல் 72 மணி நேரத்தில் ஆரம்பிக்கும். ரத்தம் ஏற்றி 5 முதல் 14 நாளில் என்றால் தாமதமாக வரும் ரத்த ஒவ்வாமையை முதலில் நினையுங்கள். அதில் எச்பிஎல்சியில் எச்பி ஏ மடமடவென்று குறைந்திருக்கும்.

சிறுநீர்: கடுங்காப்பி நிறத்தில் போகிறதா? பட்டைச் சோதனையில் 'ரத்தம்' என்று வந்து, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால் அது ஹீமோகுளோபின். ரத்தம் குழாய்க்குள்ளேயே உடைகிறது. நுண்ணோக்கியில் சிவப்பணு நிறைய இருந்தால் சிக்கிளால் சிறுநீரகத்தில் வரும் கசிவாக இருக்கலாம்.

ரெட்டிகுலோசைட்: மருந்தால் உடைந்தால் நான்கைந்து நாளில் இன்னும் ஏறும். எச்பி இறங்கி ரெட்டிகுலோசைட்டும் ஒரு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பார்வோவைரஸ் பி19, மஜ்ஜை நின்றுவிட்டது. மண்ணீரல் திடீரென்று பெரிதாகி வயிறு கெட்டியாக இருந்தால் ரத்தம் அங்கே தேங்குகிறது. அது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும், உடனே ஏற்ற வேண்டும்.

ஸ்லைடில் கடித்து எடுத்தது போன்ற செல், கொப்புள செல் தெரிகிறதா என்று ஊதாமூடி சாரைக் கேளுங்கள். ஹெயின்ஸ் உருண்டைகளை (சிவப்பணுவுக்குள் கெட்டுப்போன ஹீமோகுளோபின் கட்டிகள்) மட்டும் நம்ப வேண்டாம். மண்ணீரல் செயலிழந்த சிக்கிள் நோயாளிக்கு அவை சாதாரணமாகவே தெரியும்.

விரல் ஆக்சிமீட்டர்: 85-ஐ ஒட்டி நின்று, ஆக்சிஜன் கொடுத்தும் ஏறாமல், பிள்ளை நீலம் பாரித்து இருந்தால் மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிய ஹீமோகுளோபின்). ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் விட்டுப் பாருங்கள், சாக்லேட் நிறம் காற்றில் சிவக்காது. இங்கேதான் பெரிய ஆபத்து: வழக்கமான மருந்தான மெத்திலீன் நீலம் வேலை செய்ய என்ஏடிபிஎச் வேண்டும், அது இந்தப் பிள்ளையிடம் இல்லை. கொடுத்தால் ரத்தம் இன்னும் உடையும். வைட்டமின் சி மிதமான அளவில் அல்லது ரத்த மாற்றுதான் வழி, அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டும்.

ஆறாவது, பழைய எச்பி என்ன என்பது. இதைத் தெரியாமல் மற்ற ஐந்துக்கும் பொருள் இல்லை. 7.4 எப்போதும் இருப்பவருக்கு 7 ஒன்றுமில்லை; 9.5 எப்போதும் இருப்பவருக்கு 7 என்றால் அவசரம்.

செய்ய வேண்டியது: மருந்தை நிறுத்து, சிறுநீர் தாராளமாகப் போகும் அளவுக்குத் திரவம் (அளவு மீறினால் நெஞ்சுச் சிக்கல் வரும்), ஆறு மணிக்கொரு முறை எச்பி. வழக்கமானதைவிட 2 கிராமுக்கு மேல் இறங்கி மூச்சு வாங்கினால் ரத்தம். சி, இ, கெல் என்ற ரத்த வகைகளுக்கும் பொருத்தம் பார்த்தது கிடைத்தால் நல்லது. ஏற்றி முடித்தபின் 10-ஐத் தாண்ட விடாதீர்கள், ரத்தம் கெட்டியாகிவிடும்.

#12 – பந்தலூர்_களம்

இரண்டும் சேர்ந்து இருந்தால் சிக்கிள் நோய் இன்னும் மோசமாகுமா? சிலர் 'ஜி6பிடி குறைபாடு இருந்தால் நல்லது, காக்கும்' என்றும் சொல்கிறார்கள்.

#13 – செம்மணி

காக்கும் என்ற கருத்து 1970-களில் சிலர் சொன்னது. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. அன்றாடம் எச்பி அளவிலோ வலியின் எண்ணிக்கையிலோ பெரிய வித்தியாசம் இல்லை என்பதே பல ஆய்வுகளின் முடிவு. மூளை ரத்தக் குழாயைப் பற்றி மட்டும் கேள்வி இருக்கிறது: 2008-இல் பிரான்ஸில் கிரெத்தேய் குழு, ஜி6பிடி குறைபாடு உள்ள சிக்கிள் பிள்ளைகளுக்கு மூளை டாப்ளரில் (ரத்த ஓட்டத்தின் வேகத்தை ஒலியலையால் அளக்கும் சோதனை) ரத்த வேகம் அதிகமாகும் வாய்ப்பு கூடுதல் என்று எழுதியது. வேறு குழுக்கள் அந்தத் தொடர்பைக் காணவில்லை. எப்படியானாலும் 2 வயதில் இருந்து 16 வயது வரை எஸ்எஸ் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் டாப்ளர் செய்ய வேண்டும். ஜி6பிடி குறைபாடு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

நீலகிரிக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தியாவில் சிக்கிள் செல் பண்பு முதலில் பதிவானதே 1952-இல், லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டதுதான். இப்போது 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 40 வயது வரை 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. அந்த முகாம்களின் கரைதிறன் சோதனையும் எச்பிஎல்சியும் ஹீமோகுளோபினைத்தான் பார்க்கும், நொதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. எஸ்எஸ் என்று உறுதியாகும் ஒவ்வொருவருக்கும், முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே, ஒரு ஊதாக் குழாய் கூடுதலாக எடுத்து ஜி6பிடிக்கு அனுப்பினால் இந்த இழையில் பேசிய பாதிச் சிக்கல் வராது.

#14 – கூடலூர்_சிஸ்டர்

பையனுக்கு ஒரு தங்கை, ஏஎஸ் (சிக்கிள் கடத்தி). அவளுக்கும் பார்க்க வேண்டுமா? பையனுக்கு எப்போது மறுபடி டெஸ்ட்?

#15 – செம்மணி

சிக்கிள் 11-ஆம் குரோமோசோமில், அப்பா அம்மா இருவரிடம் இருந்தும் வர வேண்டும். ஜி6பிடி எக்ஸ் குரோமோசோமில். ஆகவே பையனுக்குக் குறைபாடு என்றால் அது அம்மாவிடம் இருந்து மட்டுமே வந்தது. பெற்றோர் இருவரும் ஏஎஸ், அம்மா ஜி6பிடி கடத்தி என்றால், பிறக்கும் ஆண் பிள்ளைகளில் எட்டில் ஒருவருக்கு இரண்டும் சேர வாய்ப்பு. தங்கைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு கடத்தியாக இருக்க. பெண்களுக்கு ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் மட்டும் வேலை செய்வதால் பாதி செல் நல்லதும் பாதி குறையுமாகக் கலந்து இருக்கும். ஸ்பாட் டெஸ்ட் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பிடிக்கும். அவளுக்கு அளவுச் சோதனையோ மரபணுச் சோதனையோ செய்யுங்கள். அம்மாவுக்கும்.

பையனுக்கு: இனி ரத்தம் ஏற்றாமல் இருந்தால், கடைசி ஏற்றத்தில் இருந்து மூன்று மாதம் முடிந்ததும், காய்ச்சலோ கிரைசிஸோ இல்லாத நாளில் 2 மில்லி இடிடிஏ. கூடவே ரெட்டிகுலோசைட், எச்பிஎல்சி. அதற்குள் மறுபடி ஏற்ற வேண்டி வந்தால் காத்திருக்காமல் மரபணுவுக்கு அனுப்பிவிடுங்கள்.

குறைபாடு இல்லை என்று உறுதியானால் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 28 கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, 14 நாள். குறைபாடு உறுதியானால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாராந்தர முறை உண்டு: கிலோவுக்கு 0.75, அதாவது இவனுக்கு 7.5 மில்லிகிராம் மாத்திரை மூன்று, வாரம் ஒரு முறை, 8 வாரம். ஆனால் சிக்கிள் இல்லாதவர்களை மனதில் வைத்து எழுதிய முறை அது. எச்பி 7.4 உள்ள எஸ்எஸ் பிள்ளைக்கு வீட்டில் கொடுத்தனுப்பக் கூடாது. முதல் வேளைக்குப் பிறகு குறைந்தது மூன்று நாள் வார்டில் வைத்துச் சிறுநீர் நிறமும் எச்பியும் தினம் பார்க்க வேண்டும். ரத்த வங்கியில் பொருத்தமான யூனிட் தயாராக இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் ப்ரைமாகுயினே வேண்டாம், காய்ச்சல் திரும்பினால் ஒவ்வொரு முறையும் குளோரோகுயின் கொடுத்துக்கொள்ளலாம்.

#16 – ஊதாமூடிக்குழாய்

சிஸ்டர், குழாய் அனுப்பும்போது படிவத்தில் 'எஸ்எஸ், கடைசி ஏற்றம் இந்தத் தேதி, ஹைட்ராக்சியூரியா உண்டு/இல்லை' என்று எழுதி அனுப்புங்கள். செவ்வாய் அல்லது புதன் எடுத்தால் வார இறுதிக்குள் செய்து முடித்துவிடலாம், குழாய் ஞாயிறு முழுக்கக் கிடக்காது.